திருமலைத் தண்ணீரில் கழுவிய லென்ஸ்

கண்ணாடி போட்டவன் திருமலைக்குப் போனால் பெருமாளுக்குப் பதிலாகப் பனிமூட்டத்தைத்தான் சேவிப்பான். கூட்டத்தின் வேர்வை ஆவி சரியாகச் சந்நிதி வாசலில் வந்து கண்ணாடியில் படியும். துடைப்பதற்குள் "ஜரகண்டி, ஜரகண்டி" (நகருங்கள் என்று அர்த்தம், தள்ளுகிறோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்) என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். கல்யாணமான புதிதில், இந்த முறை திருமுகத்தைத் தெளிவாகப் பார்த்தே தீருவது என்று சித்தூரில் கான்டாக்ட் லென்ஸ் வாங்கினேன்.

கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் லென்ஸைத் தொட வேண்டும். அதற்கான சொல்யூஷனில்தான் கழுவ வேண்டும். தண்ணீர் படவே கூடாது. நானோ நகரிக்காரன், பவர்லூமில் அறுந்த இழையைப் பார்க்காமலேயே முடிச்சுப் போடுகிற பரம்பரை. இதெல்லாம் ஒரு வேலையா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டேன். செருப்பு, செல்போனோடு சொல்யூஷன் பாட்டிலையும் பையில் போட்டு லக்கேஜ் கவுன்ட்டரில் கொடுத்துவிட்டு (என்னே அறிவு!) காத்திருப்பு ஹாலில் உட்கார்ந்தோம். வேர்த்தது. சந்தனம் வழிந்து நேராகக் கண்ணுக்குள் இறங்கியது. லென்ஸைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.

"இன்னா மாமா பண்ற? தண்ணி படக்கூடாதுன்னு டாக்டரு அவ்ளோ சொன்னாரே!" என்று பின்னாலேயே வந்தாள் என் மனைவி சுமதி.

"அது சித்தூர் தண்ணிக்குச் சொன்னது. இது திருமலைத் தண்ணிடி! இதுல கிருமி வருமா?"

"வாணாம். கண்ணாடியப் போட்டுக்கினு வா."

"அதுவும் பையிலதான் கீது."

சந்தனக் கையாலேயே கழுவி மாட்டிக்கொண்டேன். வரிசை நகர நகர எரிச்சல் ஏறியது. சந்நிதிக்கு வந்தபோது இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. எவ்வளவு முயன்றும் திறக்க முடியவில்லை. கண்ணீர் மட்டும் தாரை தாரையாக ஓடியது. "ஜரகண்டி!" அவ்வளவுதான், முடிந்தது.

பக்கத்தில் வந்த தெலுங்கு அம்மாள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "எந்த பக்தி, நாயனா!" (எவ்வளவு பக்தியாம்!) எங்களோடு வந்திருந்த எதிர்வீட்டுக் குமரேசன் அண்ணனுக்கோ மெய்சிலிர்த்தே விட்டது.

லட்டு வரிசையில் நின்றபோது நிஜமாகவே அழுதேன். அவ்வளவு ஆசையாகப் போய், வாசல்வரை வந்து, பார்க்காமல் திரும்பியது தாங்கவில்லை. சுமதி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

கீழே திருப்பதியில் வேறொரு கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். எந்தத் தண்ணீரில் கழுவினேன் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எந்த ஊரு தண்ணியா இருந்தாலும் கண்ணுக்கு ஒண்ணுதாங்க. சீக்கிரம் வந்ததால தப்பிச்சீங்க" என்று லென்ஸைக் குப்பையில் போட்டு, சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அதற்குள் குமரேசன் அண்ணன் என் பக்தியை ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார். இன்றும் எங்கள் தெருவில் புரட்டாசி சனிக்கிழமை பஜனையில் முதல் கோவிந்தா நான்தான் போட வேண்டும். எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள். நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சுமதியின் குரல் தவறாமல் வரும்.

"கண்ணத் தொறந்துக்கினு போடு, மாமா!"