பார்க் பஸ்ஸும் படுக்கை விரிப்புப் போரும்

வாழ்க அவள் கொற்றம்! தலையணைகளின் உறையுரித்த தறுகண்ணாள், கறைகளின் காலன், கசங்கல்களின் கூற்று, துடைப்பம் ஏந்திய வலக்கையும் வாளி சுமந்த இடக்கையும் உடைய பெருவிறலாள், பேருந்து நிலையத்தை ஒட்டிய மலிவான லாட்ஜ் ஒன்றின் அத்தனை மாடிகளையும் முழங்கால் தேயத் தேய ஆண்டுவருபவள், மகளால் 'அம்மா' என்றும் கணவரால் 'ஏய்' என்றும் விளிக்கப்படும் அந்த வீராங்கனையின் புகழைப் பாடப் புகுந்தேன். வெளுப்புத் தூளே, காக்க! சலவை இயந்திரத்தின் சுழல்வாயே, காக்க! பாடுகிற என் நா குழறாதிருக்க வரம் தருக. கேட்போர் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றிவைக்க அருள் புரிக.

போர் நிகழ்ந்த களம் யாதெனில், மாந்தர் பணம் கொடுத்துத் தலைகீழாகத் தொங்கி அலறுவதற்கென்றே எழுப்பப்பட்ட மாபெரும் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் அருகே, அந்த அலறலையே நம்பிப் பிழைக்கும் ஒரு ஹோட்டல். அதன் வாயிலில் மகுடம் சூடிய ஆளுயரப் பஞ்சுக்கரடி நின்று வருவோர்க்கெல்லாம் கை நீட்டும். குலுக்கியோர் மிகுதியால் அக்கை பஞ்சு வற்றித் தொங்கும். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலும் பூங்காவின் விளம்பரப் பாட்டைப் பாடும், ஆகவே துக்க வீட்டுக்குப் புறப்படுகிறவரும் துள்ளலோடுதான் இறங்கியாக வேண்டும். மீசை முறுக்கிய மாவீரர்கள் முயல்காது வளையங்களைத் தலையில் தரித்து, சற்றும் கூசாமல், காலை உணவுக்கு வரிசையில் நிற்பர். ஆறாம் மாடி அறையின் சன்னலுக்கு வெளியே ராட்சத ராட்டினத்தின் தண்டவாளம் வானை வளைத்து ஏறி, அங்கிருந்து மனம் மாறியது போல் சடாரெனக் கவிழும். வந்திறங்கிய மாலையில் அம்மா அதை நெடுநேரம் நோக்கி, "காசும் குடுத்துட்டு இப்படிக் கத்துறாங்களே, பாவம்" என்று இரங்கினாள்.

இப்பெரும்படையெடுப்பை நடத்தியவள் மகள். அக்குலத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள், முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள், முதன்முதலாக எவரிடமும் அனுமதி கேளாமல் ஓர் அறையைப் பதிவு செய்தவள். பிறர்க்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கோ அது உச்சந்தலையில் கொடியேற்றிக் குடியிருந்தது. காரணம் இல்லாமலில்லை. அவள் பட்டம் வாங்கிய நாளில், விழா முடிந்து அவள் அங்கியோடு அம்மாவைத் தேடியபோது, அம்மா அரங்கின் பின்வரிசையில் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள், அவளைக் கடந்து போன பேராசிரியர் ஒருவர், "அந்த வரிசையையும் அடுக்கிடும்மா" என்று திருவாய் மலர்ந்தருளினார், அம்மாவும் அடுக்கினாள். அன்று மகளின் வயிற்றில் பற்றிய தீ இன்னும் அணையவில்லை.

ஆகவே அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே, அவள் வஞ்சினம் உரைத்தாள்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்கோ. நாளைக்கு முழுக்க நீ ஒரு துணி மடிக்கக் கூடாது. ஒரு தட்டு எடுக்கக் கூடாது. அடுத்தவங்க செய்வாங்க, நீ உட்கார்ந்து பார்க்கணும். இதை மட்டும் நான் கண்ணால பார்த்துட்டேன்னா போதும், ராட்டினமெல்லாம் அப்புறம்தான்."

"சும்மா உட்கார்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

"ஆமா."

"அது எனக்கு வராதுடி."

"பழகிக்கோ."

சும்மா உட்காரும் கலையில் உலகறிந்த விற்பன்னரான அப்பா, சன்னலோர நாற்காலியில் சாய்ந்தவாறே, "நான் சொல்லித் தரேன்" என்றார். அவ்வீட்டில் அவர் வேறெதற்கும் முன்வந்ததாக வரலாறு இல்லை.

பொழுது புலர்ந்தது. பூங்காவுக்குச் செல்லும் ஹோட்டலின் இலவச பஸ் வாயிலில் வந்து உறுமியது. மகள் அப்பாவை அழைத்துக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தில் மேசை பிடிக்க முன்னே சென்றாள், செல்லுமுன் குளியலறைக் கதவைத் தட்டி ஆணையிட்டாள்: "குளிச்சதும் கதவைச் சாத்திட்டு நேரா கீழே வா. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாதே."

அம்மா வெளியே வந்தாள். திரும்பினாள். அங்கே, போர் ஓய்ந்த களத்தில் புரவிகள் புரண்டு கிடப்பது போலத் தலையணைகள் புரண்டு கிடக்க, பகைவனின் கிழிந்த கொடி போலப் போர்வை பாதி தரையில் தொங்க, அப்பா புரண்ட திசையெல்லாம் மலைத்தொடர்கள் எழும்பி நிற்க, கலைந்த படுக்கை அவளைப் பார்த்து இளித்தது. மேகம் கண்ட மயில் ஆடுமா ஆடாதா என்று எவரும் கேட்பதில்லை. அவள் கைகள் எழுந்தன. அவளைக் கேட்டு அவை எழவில்லை. லாட்ஜில் காலந்தோறும் கேட்காமலே எழுந்து பழகியவை அவை. கண்ணிமைக்கும் நேரத்தில் விரிப்பு உரிந்தது, உறைகள் கழன்றன, துண்டுகள் சேர்ந்தன, அனைத்தும் ஒரே மூட்டையாக முடியப்பட்டு அறைவாசலில் போய் அமர்ந்தன.

அறிக, அவையோரே! அறை கூட்டிப் பிழைப்போரின் உலகில் வாசலில் அமர்ந்த அழுக்கு மூட்டைக்குப் பொருள் ஒன்றே: இங்கிருந்தவர் கிளம்பிப் போய்விட்டார், அறை காலி. அம்மா வாழ்நாளெல்லாம் அறிவித்த செய்தி அது. இன்று அவள் கைகள் அதே செய்தியைத் தன்னையே குறித்து அறிவித்துவிட்டன என்பதை அவள் அறியாள்.

அவ்வேளை ஆறாம் மாடிக்குரிய துப்புரவுப் பெண் தன் தேரைச் செலுத்தி வந்தாள். நான்கு சக்கரத் தள்ளுவண்டி அது. மூன்று சக்கரங்கள் அவள் சொல் கேட்கும், நான்காவது யார் சொல்லும் கேளாது. மூட்டையைக் கண்டாள், இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை வாயருகே உயர்த்தி, "இந்த ரூம் காலி" என்று கீழே முழங்கினாள், மூட்டையை வண்டிப் பைக்குள் எறிந்துவிட்டு, முதலில் முடிக்க வேண்டிய பக்கத்து அறைக்குள் புகுந்தாள்.

பகைவரின் ஆநிரை கவரச் செல்லும் மறவர் வெட்சிப்பூச் சூடுவர். சூடப் பூ இல்லாமையால் அம்மா ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புது விரிப்புத் தேடிக் கதவைத் திறந்தாள். நடைவழியில் காவலின்றி நின்றது வண்டி. அதில் பனிமலை அடுக்குகள் போல வெள்ளை வெளேரென விரிப்புகள்! இரண்டு விரிப்பு, அதற்கேற்ற உறைகள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சோப்பு: கவர்ந்தாள், மீண்டாள், கட்டிலின்மேல் முதல் விரிப்பை வீசினாள்.

கவரப்பட்டதை மீட்க வருவோர் சூடுவது கரந்தை. துப்புரவுப் பெண் கையுறை சூடி வந்தாள்.

"யாருங்க நீங்க? காலி பண்ணின ரூம்ல என்ன பண்றீங்க?"

"யாரு காலி பண்ணினது? நான் இங்கேதானே இருக்கேன்."

"மூட்டை வெளியில இருந்துச்சே!"

அம்மாவின் முகத்தில் உண்மை மெல்ல உதித்தது. "ஐயையோ. அது நான் கட்டினதும்மா."

"நீங்க ஏங்க கட்டுனீங்க?"

"கட்டாம எப்படி வெளியில வைக்கிறது?"

துப்புரவுப் பெண் விரிப்பின் மறுமுனையைப் பற்றினாள். தும்பைப் போர் மூண்டது! அம்மா இழுத்தாள், அவள் இழுத்தாள், நடுவே விரிப்பு புயற்காற்றில் சிக்கிய கப்பற்பாய் போல விம்மியது. கட்டில் கிறீச்சிட்டது. சுவரில் மாட்டியிருந்த கரடியரசனின் படம் கோணலாகித் தலையைச் சாய்த்து வேடிக்கை பார்த்தது.

"விடுங்கக்கா, இது என் வேலை."

"நீ விடும்மா. என் வீட்டாளு புரண்டு கசக்கினதை உன்னை வந்து சரி பண்ண விட்டா எனக்கு மனசு கேட்குமா? நானும் லாட்ஜ்ல இதே வேலைதான். எனக்குத் தெரியாதா உன் கஷ்டம்?"

"தெரிஞ்சா விடுவீங்களே! எல்லா ரூம்லயும் உங்களை மாதிரி ஒருத்தர் வந்து விரிச்சுட்டுப் போனா, நான் எதுக்குன்னு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கக்கா."

அச்சொல் அம்மாவின் மார்பில் வேலெனப் பாய்ந்தது. ஆயினும் கைகள் விடவில்லை. அவை எப்போது பிறர் சொல் கேட்டன?

இது நிற்க, கீழே சாப்பாட்டுக் கூடத்தில் நிகழ்ந்த பேரிடரைக் காண்போம். வாசலில் அறையட்டையை உரசிப் பார்த்தே உள்ளே விடும் காவலன், மகளின் அட்டையை உரசினான். உரசும் பெட்டி சிவந்து கூவியது. அதற்குள் அப்பா அவனைச் சுற்றிக்கொண்டு புகுந்து, ரொட்டியும் முட்டையும் தட்டில் குன்றென அடுக்கிவிட்டிருந்தார்.

"சார், நீங்க ரூமைக் காலி பண்ணிட்டீங்க."

"நானா? நான் தட்டையே இன்னும் காலி பண்ணலையேப்பா."

மகளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. அம்மாவைப் பெற்றவளுக்கு விளங்காதது அம்மாவால் பெறப்பட்டவளுக்கு விளங்கும். லிஃப்டில் முயல்காதுகள் நெருங்கி நின்றமையால் அவள் படிகளில் பாய்ந்தாள், உருண்டு வரும் பாறை மேல்நோக்கி உருண்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஆறாம் மாடியில் திறந்து கிடந்த கதவின்முன் மூச்சிரைக்க நின்று, கட்டிலின் இருபுறமும் விரிப்பும் வீம்புமாக நின்ற இரு பெண்களையும் கண்டு, மாடி அதிர முழங்கினாள்.

"அம்மா! கையை எடு!"

"திட்டாதடி. அது பாட்டுக்குச் செய்யுது."

"பெட்ஷீட் மாத்தவா உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன்? அதை லாட்ஜ்லயே பண்ணிட்டு இருந்திருக்கலாமே! நீ இப்படிக் கையை நீட்ட நீட்டத்தான் ஊர்ல இருக்கறவன் எல்லாம் அதையும் செய், இதையும் செய்ங்கறான். உட்காரு அங்க! எழுந்தேன்னா பார்த்துக்கோ."

"மேடம்," என்றாள் துப்புரவுப் பெண் மெதுவாக, "சோப்பு வேற எடுத்துட்டாங்க."

அம்மா சோப்பைத் திருப்பிக் கொடுத்தாள். விரிப்பை விட்டாள். நாற்காலியில் அமர்ந்தாள்.

இனிமேல்தான் மெய்யான போர். களிற்றை வீழ்த்தல் எளிது, கடல் கடத்தல் எளிது. கண்ணெதிரே இன்னொருத்தி படுக்கை விரிக்க, அதன் இடது ஓரம் வலது ஓரத்தைவிட விரற்கடை கூடுதலாகத் தொங்க, அதைக் கண்டும் காணாதது போல் கை கட்டி வீற்றிருப்பதோ அரிது, அரிது, அந்தோ அரிதினும் அரிது! அம்மா உதட்டைக் கடித்தாள். விரல்கள் நாற்காலிக் கையை உழுதன. ஒருமுறை பாதி எழுந்தே விட்டாள். மகளின் பார்வை அவளைப் பிடித்து அமுக்கியது.

"அக்கா, அப்படிப் பார்க்காதீங்க, எனக்கு மடிப்பே வரமாட்டேங்குது" என்றாள் துப்புரவுப் பெண்.

அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கீழே பஸ் கடைசி முறையாக ஊதிவிட்டு, மாவீரர்களையும் அவர்தம் காதுகளையும் ஏற்றிக்கொண்டு பூங்கா நோக்கிப் புறப்பட்டது.

படுக்கை முடிந்தது, முரசுத்தோல் போல் விறைத்து நின்றது. மகள் வென்றுவிட்டாள். வென்ற மகிழ்ச்சியைக் காண அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே, வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட சிறுமியைப் போல் ஒருத்தி, இரண்டு கைகளையும் மடியில் யாருடையவோ போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நில், தூக்கு, துடை, அடுக்கு என்று அவளை அதட்டியவர் பலர். உட்கார் என்று அதட்டியவள் மகள் ஒருத்தியே. அதட்டலில் மட்டும் வேறுபாடில்லை. உச்சந்தலைக் கொடி அன்றுதான் முதன்முறை அரைக்கம்பத்துக்கு இறங்கியது.

துப்புரவுப் பெண் வாக்கி-டாக்கியை எடுத்து, "அந்த ரூம் காலி இல்லைங்க. ஆள் இருக்காங்க" என்று கீழே சொன்னாள். சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலை ஒருமுறை நீட்டி மடக்கினாள்.

"முழங்காலா?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா. இந்த வலது கால்தான்."

"எனக்கும் அதேதான். குனிஞ்சு குனிஞ்சு வர்றது. வா, ரெண்டு நிமிஷம் உட்காரு."

"எங்கேக்கா உட்கார்றது? பெட் கசங்கிடும்."

"கசங்கட்டும்."

எட்டுத் திக்கும் கேட்டதா அம்மொழி! கசங்கல்களின் கூற்றின் வாயிலிருந்தா வந்தது! மலை நடுங்கிற்று, மின்விசிறி தயங்கிற்று, முரசுத்தோல் விரிப்பின்மேல் இரண்டு அரசியரும் அருகருகே அமர்ந்தனர். ஈரத் துண்டில் ஒத்தடம் கொடுப்பது எப்படி என்பதையும், தண்ணீர் வாளியைப் பாதிதான் நிரப்ப வேண்டும் என்பதையும், ஓட்டைச் சக்கரத்தைச் சரிசெய்யாத மேலாளர்கள் எந்த நரகத்துக்குப் போவார்கள் என்பதையும் பேசத் தொடங்கினர். அம்மா வாயில் கைவைத்துச் சிரித்தாள். தட்டோடு வந்து நின்ற அப்பாவிடம், "அந்த ரொட்டியை இப்படிக் குடுங்க" என்று இருந்த இடத்திலிருந்தே கை நீட்ட, அவர் திகைத்துப் போய்க் கொண்டுவந்து கொடுத்தார். அவள் எழவில்லை, மடிக்கவில்லை, துடைக்கவில்லை, காலை ஆட்டிக்கொண்டு தின்றாள். வாயிற்படியில் நின்ற மகள், தன் வஞ்சினம் தன் ஆணையின்றியே நிறைவேறக் கண்டு, வாகை சூடிய வேந்தர்க்கும் வாய்க்காத பெருமிதத்தோடு, இக்காட்சியைக் குலைக்க எவனேனும் வந்தால் அவன் தலை உருளும் என்று கதவின் குறுக்கே கைவிரித்துக் காவல் பூண்டாள்.

ரெண்டாவது பஸ்ஸும் போய்விட்டது.