பேக்கிங் லைனில் ஏறிய ஸ்வீடிஷ் சொல்

"க்வாலிதேத்ஸ்..." என்று தொடங்கிய தீர்த்தகிரிக்கு அதற்கு மேல் மூச்சும் வரவில்லை, சொல்லும் வரவில்லை.

"இன்னும் பாதிகூட ஆகலண்ணா," என்றாள், ஆபீஸிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்திருந்த வினோதா.

முழுச் சொல் இதுதான்: க்வாலிதேத்ஸ்சேக்ரிங்ஸ்ஆவ்டேல்நிங்கென். ஸ்வீடனில் இருக்கும் தலைமையகத்தில் தரக்கட்டுப்பாட்டுத் துறைக்கு அப்படித்தான் பெயர். அந்தத் துறையின் தலைவி இங்ரித் அம்மையார் வியாழக்கிழமை ஓசூர் தொழிற்சாலைக்கு வருகிறார். பயிற்சிக்காக இங்கிருந்து ஒரே ஒருவரை ஸ்வீடனுக்கு அழைத்துப் போகப்போகிறார். அவருடைய துறையின் பெயரைச் சரியாகச் சொல்லி வரவேற்பவரைத்தான் சிபாரிசு செய்வேன் என்று மேனேஜர் வெங்கட் அறிவித்துவிட்டார்.

பேக்கிங் சூப்பர்வைசராகப் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவர் தீர்த்தகிரி. ஓசூரை விட்டால் ஊத்தங்கரை, ஊத்தங்கரையை விட்டால் ஓசூர் என்று வாழ்ந்த மனிதர். வெளிநாட்டு வாய்ப்பெல்லாம் ஏசி அறைக்காரர்களுக்கே போய்க்கொண்டிருந்ததில் அவருக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு. இந்த முறை விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டார். மனைவி மாதேஸ்வரி ஒரு படி மேலே போய் ஸ்வெட்டரே வாங்கிவிட்டாள்.

"ஏம்மா, அவுங்க ஊர்ல நடுவுல இடமே வுட மாட்டாங்களா?"

"ஒட்டிக்கிட்டே போவாங்கண்ணா. தரம், உறுதி, துறை, மூணு வார்த்த. நடுவுல வர்ற 'ஸ்' ஒட்டுறதுக்கு. கடைசி 'என்' இன்ன துறைன்னு குறிச்சுக் காட்டுறதுக்கு."

"அட! மூணு பொட்டி, நடுவுல டேப்பு, கடைசில லேபிளு. நம்ம வேலதான இது!"

புரிந்துவிட்டது. வாய்தான் ஒத்துழைக்கவில்லை. வினோதா அதை ஒன்பது அசையாகப் பிரித்துத் தாளில் எழுதிக் கொடுத்தாள். க்வா, லி, தேத்ஸ், சேக், ரிங்ஸ், ஆவ், டேல், நிங், என். தனித்தனியாகச் சொன்னால் ஒவ்வொன்றும் சுத்தமாக வந்தது. சேர்த்துச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொண்டது.

ஒரே ஆளால் முடியாத வேலையைத் தொழிற்சாலையில் என்ன செய்வார்கள்? லைனில் பிரித்துப் போடுவார்கள். தீர்த்தகிரியும் அதைத்தான் செய்தார்.

கன்வேயர் ஓரம் எட்டுப் பெண்கள் நின்று வேலை பார்ப்பார்கள். ஆளுக்கு ஓர் அசை. தொடக்கத்தில் பெட்டி மடிக்கும் செல்லிக்கு 'க்வா'. அடுத்து நிற்கும் வீரலட்சுமிக்கு 'லி'. நடுவில் டேப் போடும் சாந்தம்மாவுக்கு 'ரிங்ஸ்'. கடைசியில் லேபிள் ஒட்டும் இடத்தில் தீர்த்தகிரியே நின்று, 'என்' என்று முடித்துக் கைகூப்புவார். விருந்தாளி நடந்து வர வர, சொல்லும் கூடவே தயாராகிக்கொண்டு வரும்.

திங்கட்கிழமை ஒத்திகை நடந்தது.

"க்வா சார்," என்றாள் செல்லி.

"லி சார்," என்றாள் வீரலட்சுமி.

"சார் எதுக்கு? வெறும் எழுத்த மட்டும் சொல்லுங்க!"

"வர்றது பெரிய மனுஷி. மொட்டையா சொன்னா மரியாதையா இருக்குமா?" என்றாள் சாந்தம்மா.

எல்லோரும் கலந்து பேசினார்கள். வருவது பெண் என்பதால் 'சார்' தவறு என்று முடிவாகி, அடுத்த சுற்றில் எட்டுப் பேரும் 'மேடம்' சேர்த்தார்கள். சொல் முன்னைவிட நீண்டுவிட்டது. ஆளுக்கொரு போண்டா வாங்கிக் கொடுத்துக் கெஞ்சிய பிறகுதான் 'மேடம்' கழன்றது.

செவ்வாய்க்கிழமை வீரலட்சுமி வரவில்லை. வேப்பனப்பள்ளியில் மாங்காய் பறிப்பு. லைனில் 'லி' இல்லை. வியாழனன்றும் யாராவது இப்படிக் காலை வாரினால் என்ன ஆவது என்று பயந்து, பக்கத்து ஆளின் அசையையும் சேர்த்துப் படிக்கும்படி எல்லோருக்கும் உத்தரவு போட்டார்.

புதன்கிழமை வீரலட்சுமி வந்துவிட்டாள். ஆனால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வோர் அசையையும் மூன்று பேர் சொன்னார்கள். அந்த இரைச்சலில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுபவர் விபத்தோ என்று வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"சாமிங்களா! விருந்தாளி யாரு முன்னாடி வந்து நிக்கிறாங்களோ, அவுங்க மட்டும் வாயத் தொறங்க. அதுவும் அவுங்கவுங்க எழுத்த மட்டும். நானே சொன்னாலும் இத மாத்தக் கூடாது!"

இந்தச் சட்டம் அபாரமாக வேலை செய்தது. கடைசி ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லை. அன்று தீர்த்தகிரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை காலை முன்வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. வேறு வழியில்லாமல் வெங்கட், விருந்தாளியைப் பின்பக்கமாக, சரக்கு ஏற்றும் வாசல் வழியே அழைத்து வந்தார்.

லேபிள் மேஜையருகே நின்ற தீர்த்தகிரி, செல்லி நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டுத் திரும்பினார். இங்ரித் அம்மையார் அவர் முன்னால் கைகூப்பி நின்றார்.

"செல்லி, அங்கேருந்து ஆரம்பி!" என்று தீர்த்தகிரி கையை ஆட்டினார். செல்லி அசையவில்லை. அவரே சொன்னாலும் மாற்றக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எட்டுப் பெண்களும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"என்," என்றார் தீர்த்தகிரி, பலவீனமாக.

அம்மையார் ஓரடி நகர்ந்தார். "நிங்." அடுத்து "டேல்." பிறகு "ஆவ்," "ரிங்ஸ்," "சேக்," "தேத்ஸ்," "லி." கடைசியில் செல்லி கணீரென்று "க்வா!" என்று முடித்து, தீர்த்தகிரி போட வேண்டிய கும்பிடையும் தானே போட்டுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் 'மேடம்' சேர்க்கவில்லை. முழுச் சொல்லும் பிசிறில்லாமல் தலைகீழாக வந்து சேர்ந்தது.

வெங்கட் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். பதினெட்டு வருட ஆசை பெல்ட்டோடு போய்விட்டது என்று தீர்த்தகிரிக்குத் தெரிந்துவிட்டது. அழுகையே வந்தது.

அம்மையார் கண்களை அகல விரித்து, வினோதாவிடம் ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னார். வினோதா தீர்த்தகிரியிடம் ஓடி வந்தாள்.

"அண்ணா, 'தமிழ் இவ்ளோ இனிமையா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே, எங்க துறையில எல்லாருக்கும் இந்த வார்த்தையச் சொல்லிக் குடுக்க உங்களயே ஸ்வீடனுக்குக் கூட்டிட்டுப் போகலாமா'ன்னு கேக்கறாங்க!"