சேர்க்கைக் குழுவைத் தராசில் ஏற்றிய விவரம்

அன்புள்ள பெரியக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். உன் நலமும் அத்தானின் இரத்த அழுத்தமும் அறிய ஆவல்.

இதை உட்கார்ந்து படி. பக்கத்துப் பொறியியல் கல்லூரி சேர்க்கைக் குழுவில் வெளியாளாக என்னைப் போட்டிருக்கிறார்கள். வாய் திறக்காத ஆள் என்று விசாரித்துத்தான் போட்டிருப்பார்கள். முதல்வரும் மூன்று பேராசிரியர்களும் நுழைவுத் தேர்வில் எழுபதுக்குக் கீழே வாங்கியவர்களின் கோப்புகளைப் பிரிக்காமலே ஒதுக்கினார்கள். அதில் தையல்காரர் மகள் ஒருத்தி, அறுபத்தெட்டு. நான் பிரித்துப் பார்த்தேன். நான்கு வருடமாகத் தெருவிலுள்ள தையல் மிஷின்களையெல்லாம் பழுது பார்க்கிறவள். சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று முறை தண்ணீர் குடித்துவிட்டு, "எல்லாருடையதையும் பிரிச்சுப் பார்த்தா என்னங்க?" என்றேன்.

"மார்க் பொய் சொல்லாது பெரியவரே," என்றார் முதல்வர்.

முப்பத்து நாலு வருடம் கடை கடையாகத் தராசு சோதித்து முத்திரை குத்தியவனிடம் சொல்கிற பேச்சா அக்கா இது? எடை சரியாகத் தெரிந்த கல்லை வைத்துப் பார்க்காமல் எந்தத் தராசை நம்பியிருக்கிறேன்? "உங்களைவிடத் தரமான எடைக்கல் எங்க கிடைக்கும்? நீங்க நாலு பேரும் ஒரு தடவை அந்தப் பரீட்சையை எழுதிப் பாருங்களேன்," என்றேன். பெருமையோடுதான் உட்கார்ந்தார்கள். கணக்குப் பேராசிரியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அறுபத்தொன்று, ஐம்பத்து நாலு, நாற்பத்தொன்பது. முதல்வர் முப்பத்தெட்டு.

"ஒண்ணு, தராசு தப்பு. இல்லைன்னா கல்லு குறை. எதுன்னு நீங்களே சொல்லுங்க."

"தராசுதான்யா தப்பு!" முதல்வர் மேசையில் ஓங்கித் தட்டினார்.

ஜெயித்தேன் அக்கா! இனி எல்லாக் கோப்புகளையும் பிரிக்க வேண்டும், வீட்டிலும் வெளியிலும் செய்த வேலையையும் கேட்க வேண்டும், ஆளுக்கு அரை நாள் பட்டறையில் விட்டு, மார்க் தெரியாத இரண்டு பேர் தனித்தனியாக மதிப்பிட வேண்டும், பரீட்சை மார்க்கும் ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும். அப்படியே முடிவாகி, போன வாரம் நடந்தும் முடிந்தது. அந்தப் பெண்தான் முதலிடம். முதல்வரே கையெழுத்துப் போட்டார்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் தம்பி

பி.கு.: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். அந்தப் பெண் இப்போதுதான் வந்துவிட்டுப் போனாள். "மன்னிச்சுக்கங்க தாத்தா, நானும் ரெண்டு காலேஜைச் சோதிச்சுப் பார்த்தேன். உங்க பட்டறையில பன்னிரண்டு மிஷின்ல ஒன்பது ஓடலை. இன்னொரு காலேஜ்ல எல்லா மிஷினும் ஓடுது. அங்கேயே சேர்ந்துட்டேன்." சரியான முடிவு, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். முதல்வரிடம் நீ ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவாயா? எண் பின்பக்கம்.