ஒத்திகையில் அகப்பட்ட சம்பந்தி

திருவொற்றியூர்,
செவ்வாய்க்கிழமை.

கண்ணியத்துக்குரிய ஜனாப் கலீலுர் ரஹ்மான் அண்ணன் அவர்களின் சமூகத்துக்கு, திருவொற்றியூர் மொஹ்சின் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மனைவி மலிகாவும் மகள் ரிஃபானாவும் சுகம். தங்கள் சுகத்தையும் சாபிரா அக்கா, மகன் வசீம் தம்பி ஆகியோரின் சுகத்தையும் கேட்பது கடிதத்தில் வழக்கம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கள் மூவரையும் ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதால், இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் "ரொம்ப நல்ல மரியாதை பண்ணீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வேனில் ஏறினீர்கள். அதன் பிறகு நான் போன் செய்தால் எடுப்பதில்லை. ஆகவேதான் எழுதுகிறேன். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு, அடுப்பில் பிரியாணியைத் தம்மில் வைத்துவிட்டு, விருந்தாளி வரும் நேரத்தில் ஒரு குடும்பம் எங்கே போனது என்று தாங்கள் கேட்பது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வரும்போது எங்கள் தெருவில் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. பின்னால் இருக்கும் ரசாயனக் கம்பெனியில் ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சங்கு ஊதும், வாயுக் கசிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்பதற்கான ஒத்திகை மட்டுமே, பொதுமக்கள் பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அது போய் முடிப்பதற்குள் எதிர்வீட்டு மலர் கூடையை இறக்கிவிட்டு என் வாசலுக்கு வந்துவிட்டாள். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவள். "பயப்படாதன்னு அவனா வந்து சொல்றான்னா, பயப்படுறதுக்கு இன்னாவோ கீது பாய்" என்றாள். பக்கத்து வீட்டு அருள்பிரகாசம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவரும் வந்தார். "ஞாயித்துக்கெழமை எவன்யா ஒத்திகை வெப்பான்? லீவு நாளுல அவன் ஆபீசருங்க ஒருத்தனும் உள்ள இருக்க மாட்டான். அவன் ஆளுங்கள பத்திரமா வெச்சிக்கினு நம்ம மேல தொறந்து வுடப் போறான்" என்றார். நான் காசிமேட்டில் கயிறும் வலையும் விற்கிற கடைக்காரன், எதையும் இழுத்துப் பார்த்துத்தான் நம்புவேன். இது இழுத்துப் பார்க்கிற சரக்கு இல்லையே.

இதில் எங்களைக் குறை சொல்லாதீர்கள் அண்ணன். மூன்று வருஷம் முன்னால் ஒரு விடியற்காலை மூக்கில் மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டது போல் ஒரு நெடி வந்தது. அப்போதும் ஒரு ஆட்டோ வந்தது. வெறும் வாடைதான், அளவுக்குள்தான் இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றது. நாங்கள் மரியாதையாக வீட்டுக்குள்ளேயே இருந்தோம். ரிஃபானா கண் எரிச்சல் என்றாள், பிறகு இருமினாள், பிறகு பேச்சே வரவில்லை. மலருடைய மீன் வண்டியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மகள் முகத்தில் பிராணவாயு மூடி வைத்திருந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்தச் சமயம் டிவியில் ஒரு அதிகாரி, யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசிய டிவி அதே வார்டில்தான் மாட்டியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் ஒலிபெருக்கி எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்வது பழக்கமாகிவிட்டது.

ஆக, ஞாயிறு காலை பத்து மணிக்கே தெரு கிளம்பிவிட்டது. ஷேர் ஆட்டோ, மீன் வேன், சைக்கிள், ஆட்டுக்குட்டி எல்லாம் போகிறது. காற்று வடக்கே போகிறது, நாம் தெற்கே டோல்கேட் பக்கம் போய்விடுவோம் என்று மலர் கணக்குச் சொன்னாள். மலிகா மட்டும் நகரவில்லை. "மேல்விஷாரத்துலேர்ந்து வர்றவங்களுக்கு ஆக்கி வெச்சிருக்கேன், வுட்டுட்டு எப்டி வருவேன்" என்று கரண்டியோடு நின்றாள். அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டுப் போவோம், அவர்களை டோல்கேட்டிலேயே மடக்கி நிறுத்திவிடலாம் என்று சொல்லித்தான் இழுத்துக்கொண்டு போனேன். புதுப் புடவையோடு ரிஃபானாவைப் பார்த்த மற்றவர்கள் கசிவுக்கு இவ்வளவு அலங்காரமா என்று பார்த்தார்கள். டோல்கேட்டில் வெயிலில் நின்று, வருகிற வெள்ளை வேனையெல்லாம் கை காட்டி நிறுத்தினேன். ஒன்றில் கல்யாண மேளக்காரர்கள் இருந்தார்கள், ஒன்றில் ஐஸ் கட்டி இருந்தது. தாங்கள் மணலி வழியாகப் போய்விட்டது எனக்கு எப்படித் தெரியும்? போன் செய்துகொண்டேதான் இருந்தேன். தங்கள் போன் சாபிரா அக்கா பையில் இனிப்பு டப்பாவுக்கு அடியில் கிடந்ததைப் பிறகுதான் அறிந்தேன்.

அங்கே நடந்ததைப் பிறகு கம்பெனி ஆட்களிடமும் ஆஸ்பத்திரியிலும் சுற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தாங்கள் மூவரும் ஆளில்லாத தெருவில் இறங்கி, வாசனையை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, உள்ளே வந்து, நான் போட்டு வைத்திருந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது சங்கு ஊதியிருக்கிறது. முகமூடியும் ஆரஞ்சு உடுப்புமாகக் கம்பெனி ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒத்திகைக்கு, மயங்கி விழுந்தவர்கள் என்று தூக்கிக்கொண்டு போக அவர்களுக்கு ஆள் வேண்டும், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கிடைத்தது தாங்கள் மூவர்தான். "நாங்க பொண்ணு பாக்க வந்தவங்க" என்று தாங்கள் எடுத்துச் சொன்னதற்கு, தூக்கிய பையன் "பேசாத பாய், நீ மயக்கத்துல கீற" என்றானாம். அந்தப் பையன் பட்டினத்தார் கோயில் தெருக்காரன். பிடித்துக் கண்டித்துவிட்டேன். வசீம் தம்பிக்குக் கால் முறிவு என்று அட்டை மாட்டிக் கட்டுப் போட்டதும், சாபிரா அக்காவைப் போர்வையில் சுற்றியதும் மிகப் பெரிய தவறு. ஆஸ்பத்திரியில் தங்கள் ரத்த அழுத்தம் ஏகத்துக்கு இருந்ததாகச் சொல்லி சாயங்காலம் வரை படுக்க வைத்தார்களே, அது மட்டும் ஒத்திகையில் சேராது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவும்.

சங்கு நின்று வெகுநேரம் ஆகியும் எதுவும் கசியவில்லை. நாங்கள் திரும்பினோம். பிரியாணி அடிப்பிடித்திருந்தது. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, சங்கு ஊதும் முன்பே தெருவைக் காலி செய்த விழிப்புணர்வுக்குப் பாராட்டு என்று வீட்டுக்கு ஒரு குடை கொடுத்தார். மலர் அதை வாங்கவில்லை. "எதுக்கு இப்ப குடை குடுக்குறான்? மேலேர்ந்து இன்னா வுழப் போவுது?" என்று கேட்டாள். அந்த மனிதர் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனதால், இரண்டு நாளாகத் தெருவில் யாரும் மாடியில் துணி காயப்போடுவதில்லை.

அண்ணன், நான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். அது ஒத்திகைதான். கம்பெனி சொன்னது நிஜம், அரசாங்கம் சொன்னது நிஜம், நாங்கள்தான் புத்தி கெட்டு ஓடினோம். என் மகள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தச் சம்பந்தத்தைப் பற்றி அவள் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புடவையை இன்னும் மடித்து உள்ளே வைக்காமல் நாற்காலி மேலேயே போட்டிருக்கிறாள். பெற்றவனுக்கு அது போதும். வரும் ஞாயிறு தாங்கள் மறுபடி வர வேண்டும். இனி அதிகாரிகள் சொல்வதை அப்படியே நம்புவோம், இருக்கச் சொன்னால் இருப்போம் என்று என் குடும்பத்தின் சார்பில் வாக்குத் தருகிறேன்.

சாபிரா அக்காவுக்கு மலிகாவின் ஸலாம். வசீம் தம்பிக்கு என் துஆ. தங்கள் உடம்புக்கும் வீட்டுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை எதிர்பார்க்கும்
மொஹ்சின்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ரிஃபானா இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். வசீம் தம்பி ஞாயிறு முதலே அவளிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறாராம். தாங்கள் வீட்டில் சொன்னதாக அவர் சொன்னது இது: "மூக்குல பிராணவாயு வெச்சாங்க, ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க, அப்புறம் ஒத்திகைன்னு சொல்றாங்க. நம்பறதுக்கு நான் என்ன சின்னப்புள்ளையா? ஒரு தெருவே சும்மாவா ஓடும்? ஆபத்தை மோந்து பாத்து ஓடத் தெரிஞ்ச குடும்பம், அங்கயே பொண்ணு எடுக்கலாம். ஓடும்போது நம்மளையும் கூட்டிட்டுப் போகலையேன்னுதான் வருத்தம்." போனை எடுக்காததும் கோபத்தில் இல்லையாம், கம்பெனிக்காரன் ஒட்டுக் கேட்பான் என்பதால்தானாம். ஆகவே அண்ணன், மேலே அது ஒத்திகைதான் என்று நான் எழுதியிருப்பதைத் தயவுசெய்து நம்ப வேண்டாம்.