வேகவைத்த கொன்றை விதை

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி காலத்தில் என்னைப் போலீஸ் பிடித்தது என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். எதற்காகப் பிடித்தது என்று சொன்னதும் எழுந்து போய்விடுகிறார்கள்.

அப்போது போர்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் நர்சரிக் கிராணி, அதாவது நாற்றங்கால் கணக்குப்பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான். நடையோ தோட்டத்தையே உண்டாக்கியவன் நடை. சட்டைப்பையில் இரண்டு பேனா. (ஒன்றில் மை கிடையாது.) பெரிய கிராணியின் மகள் சரோஜாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் அந்த மண்டைக்குள் இருந்தது.

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலி கண்ணை உறுத்துகிறது, ஓரமாகச் செம்மயிற்கொன்றை வளர்க்கலாம் என்று தொரை பிரியப்பட்டார். நான் ஓடிப்போய்ப் பெரிய கிராணி முன்னால் நின்றேன்.

"ஐயா, ஆயிரம் ரப்பர் கொட்டைய மொளைக்க வச்சவன் நான். பூமரம் எம்மாத்திரம்? ரெண்டே வாரம்."

"மொளைக்கட்டும், பாப்போம். அப்புறம் மத்ததப் பேசலாம்," என்றார். அந்த 'மத்தது' என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

சாலையோர மரத்தடியில் காய்களைப் பொறுக்கிவந்தேன். சரோஜாவுக்கும் ஒரு பிடி விதை கொடுத்தேன். (பூ கொடுக்கத் தைரியமில்லாத காதலன்.)

"கல்லு மாதிரி இருக்கே. ஓரத்த அம்மியில தேய்ச்சி, கொதிச்ச தண்ணிய எறக்கி வச்சி அதுல ஊறப்போடணும்லா. சிரம்பான்ல படிக்கிறப்ப செஞ்சிருக்கோம்," என்றாள்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்று நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

"ரப்பர் கொட்டைய யாராச்சும் சுடுதண்ணியில போடுவாங்களா? ஈர மணல்ல பரப்புனா தானா வெடிச்சிக்கிட்டு வரும்."

ஈர மணலில் பரப்பினேன். பத்து நாளானது, இருபது நாளானது. ரப்பர் கொட்டையைத் தவிர உலகத்தில் வேறு விதை இருக்கலாம் என்பது என் அறிவுக்கு எட்டவேயில்லை. பெரிய கிராணி தினமும் எட்டிப் பார்த்து, மணலைக் குச்சியால் கிளறிவிட்டுப் போனார். பயம் பிடித்ததும் சரோஜா சொன்னது நினைவுக்கு வந்தது. முழுதாக வந்ததா? சுடுதண்ணீர் மட்டும் வந்தது. மிச்ச விதைகளைச் சட்டியில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டேன். உப்பி, மெத்தென்று ஆயின. வெற்றி என்று நினைத்துக் கைக்குட்டையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, வேலிக்கு வெளியே இருந்த நர்சரிக்குக் கிளம்பினேன்.

சோறோ பருப்போ ஒரு பிடிகூட வேலியைத் தாண்டக் கூடாது, காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச்சேர்ந்துவிடும் என்பது அன்றைய சட்டம். கேட்டில் காவல் நின்ற முனியாண்டி முடிச்சைப் பிரித்தான்.

"என்னா கிராணி இது?"

"வெதை. நடப் போறேன்."

ஒன்றை நசுக்கிப் பார்த்தான். "வேக வச்ச வெதையா?"

சற்று நேரத்தில் தோட்டத்துப் போலீஸ் கொட்டகையில் ஓர் இன்ஸ்பெக்டருக்கு எதிரில் நின்றேன். அந்தக் காலத்தில் உள்ளே போனவன் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. சரோஜா இனி எனக்கில்லை என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. இவன் எப்படிப்பட்ட ஆள் என்று பெரிய கிராணியை அழைத்துக் கேட்டார்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காட்டுக்காரங்களுக்கு ஒதவுற ஆள் இல்லீங்க. அதுக்கெல்லாம் கொஞ்சம் புத்தி வேணும்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அதற்குள் லயம் முழுக்கச் செய்தி பரவி, சரோஜா ஒரு பால் டின்னோடு வந்து நின்றாள். டின்னில் ஐந்து கொன்றைக் கன்றுகள். ஒன்றின் தலையில் விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், அதே வெதைதான் இது. நான் ஊற வைக்கச் சொன்னேன். இவரு சமைச்சிட்டாரு."

இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் நான் விடுதலையானேன்.

வேலியோரம் பூத்தவை எல்லாம் அவள் வளர்த்த கன்றுகள். 'மத்ததை'ப் பேசப் பெரிய கிராணிக்கு மேலும் ஒரு வருடம் தேவைப்பட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் எனக்கு அடுப்பைத் தொட அனுமதி கிடையாது. இவரைப் போய் ஏன் கட்டிக்கொண்டீர்கள் என்று மருமகள்கள் கேட்கும்போதெல்லாம் சரோஜா ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்:

"வெளிய தனியா விட்டா மறுபடியும் புடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்கல்ல. பாவம்னு வச்சிக்கிட்டேன்."