முகூர்த்த நேரத்தில் வானத்தில் ஒளிந்தவர்

ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருக்க ஆயிரம் வழி இருக்கிறது. ராஜமாணிக்கம் அத்தனையையும் யோசித்துப் பார்த்துத் தள்ளிவிட்டார். வயிற்றுவலி என்றால் குப்பம்மாள் கஷாயம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். வெளியூரில் சாவு என்றால் செத்தது யார் என்று கேட்பாள். பம்புசெட்டு ரூமில் ஒளிந்தாலும், மாட்டுக் கொட்டகையில் ஒளிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். பூமியில் அவள் கண்ணுக்குத் தப்பிய இடம் ஒன்றும் இல்லை.

ஆகவே வானத்தில் ஒளிவது என்று முடிவு செய்தார்.

கல்யாணம், குப்பம்மாளின் தம்பி வெங்கடேசனின் மகள் மோனிஷாவுக்கு. வரும் வெள்ளிக்கிழமை, திருத்தணி மலைமேல், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். முருகன் கோபம் தணிந்து உட்கார்ந்த மலை அது. அந்த மலையை அறுபத்து மூன்று வருஷமாகத் தன் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தும் ராஜமாணிக்கத்துக்கு ஒரு கோபமும் தணிந்ததில்லை. ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஒருநாள் அவர் கை காட்டியும் நிற்காமல் போனது. அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அவர் ஏறுவதில்லை. நடந்தே போகிறார். பஸ்ஸுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

வெங்கடேசன் மேல் இருந்தது பதினோரு வருஷத்துக் கோபம். அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டும் அவன் புது வீடு கட்டிக் குடிபோன நாளில், வந்திருந்த கவுன்சிலருக்குச் சரிகைச் சால்வை போர்த்தினான். சொந்த அக்கா புருஷனுக்கு ஒரு துண்டு கொடுத்தான். வெறும் துண்டு! ராஜமாணிக்கம் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். அந்தத் துண்டைத் துவைக்கவில்லை, துடைக்கவில்லை, சாட்சிப் பொருள் மாதிரி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.

"அந்தத் துண்டு இன்னா விஷயம்னா..." என்று குப்பம்மாள் எப்போது ஆரம்பித்தாலும், "துண்டுப் பேச்சு இந்த வீட்டுல எடுக்காதே!" என்று கத்துவார். பதினோரு வருஷமாக அந்த வாக்கியம் பாதியிலேயே நின்றது.

தம்பி வீட்டுக்கு அவளும் போகவில்லை. "புருஷன் கோச்சிகினு இருக்கும்போது நான் மட்டும் போய் பந்தில உக்காந்தா நல்லாவா இருக்கும்?" என்பாள். ஆனால் மோனிஷாவின் பத்திரிகை வந்ததிலிருந்து அதை அரிசி டப்பா மேல் வைத்து, அரிசி எடுக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள்.

வானத்துக்கு வழி ராஜமாணிக்கத்தின் சொந்த நிலத்திலேயே இருந்தது. கொள்ளுகூட முளைக்காத அவருடைய கல்லாங்காட்டை மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பறக்கும் கிளப் குத்தகைக்கு எடுத்தது. அவர்களிடம் இருந்தது எஞ்சின் இல்லாத விமானம். கிளைடர் என்பார்கள். இரண்டே சீட்டு. முன்னால் கற்றுக்கொள்பவர், பின்னால் கற்றுக்கொடுப்பவர். காட்டின் அந்தக் கோடியில் ஒரு மெஷின் நீளக் கயிற்றைச் சுருட்டும். கிளைடர் பட்டம் போல ஜிவ்வென்று ஏறும். மேலே போனதும் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பருந்து மாதிரி வட்டம் போடும். மத்தியானத்தில் ஏறியது இரண்டு மணி நேரம் இறங்காமல் சுற்றியதை ராஜமாணிக்கம் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். குத்தகைக் காகிதத்தில், நிலத்துக்காரர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகப் பறக்கும் உரிமையும் எழுதியிருந்தது. "குழந்தைப் பசங்க ராட்டினம்" என்று அவர் அந்தப் பக்கமே போனதில்லை.

போனது குப்பம்மாள். முதலில் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு, கிளைடர் கிளம்பும்போது இறக்கையின் நுனியைத் தரையில் சாயாமல் பிடித்துக்கொண்டு நாலடி ஓடுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். இப்போது அந்த வேலையில் அவளை விட்டால் ஆளில்லை.

புதன்கிழமை சாயங்காலம் திட்டத்தைப் போட்டு உடைத்தார்.

"வெள்ளிக்கிழமை நான் பறக்கப் போறேன்."

குப்பம்மாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பறங்களேன். எத்தினி மணிக்கு?"

"ஒன்பது மணிக்கு."

"காலைல வேணாங்க. காலைல காத்து தூங்கிகினு இருக்கும். ரெண்டு மணிக்குப் போங்க, அப்பதான் நல்லா நிக்கும்."

ராஜமாணிக்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இரண்டு மணிக்காம்! காலையில் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டு, மத்தியானம் பறக்க விடுவாளாம்!

"ஒன்பதுன்னா ஒன்பதுதான். என் நெலம், என் வானம்."

"ஐயோ, சொன்னா கேளுங்க. மத்தியானம் போங்க."

"முடியாது."

"சரி, உங்க இஷ்டம். நான் ஸ்வர்ணா மேடத்துகிட்ட சொல்லி ஒன்பதே போட்டுர்றேன்." அவள் பெருமூச்சு விட்டாள். அவ்வளவு பெரிய பெருமூச்சை அவள் விட்டு அவர் கேட்டதில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, குப்பம்மாள் அரக்குப் பட்டுப்புடவையில், கையில் ஒரு மஞ்சள் பையோடு காட்டுக்கு வந்தாள்.

"நான் மட்டும் போய் உங்க பங்குக்கும் சேத்து அட்சதை போட்டுட்டு வந்துர்றேன். உங்கள ஏத்திட்டுப் போறேன்."

அவருக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பகை நிற்குமா?

கற்றுக்கொடுக்கும் ஸ்வர்ணா, விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். மலைமேல் கோயிலில் மடப்பள்ளிச் சமையல் செய்த குடும்பத்துப் பெண். ராஜமாணிக்கத்தின் வேட்டியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினாள். வேட்டி காலுக்கு நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுத் தடியில் சுற்றிக்கொள்ளும். குப்பம்மாள் மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்த மகனின் பேண்ட்டுக்கு மாறினார்.

"தோள்ல துண்டு வேண்டாம் ஐயா. உள்ளே ஒண்ணும் தொங்கக்கூடாது, உருளக்கூடாது."

ஒரு பெண்பிள்ளை துண்டை எடுக்கச் சொல்வதா? புதுக் கோபம் ஒன்றைக் கணக்கில் ஏற்றிக்கொண்டே கொடுத்தார். குப்பம்மாள் வாங்கி மஞ்சள் பையில் போட்டாள்.

முன் சீட்டில் உட்கார வைத்து ஐந்து பட்டைகளால் கட்டினார்கள். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடை நடுவில் ஒன்று. தறியில் ஏற்றிய பாவு நூல் போல அவர் விறைத்து உட்கார்ந்தார்.

"இந்த மஞ்சள் குமிழ் கயித்தைக் கழட்டிவிடறது," என்றாள் ஸ்வர்ணா. "இடது பக்கம் நீலக் கைப்பிடி இறங்கும்போது வேகம் குறைக்கறது. இழுத்தா இறக்கை மேல பலகை எழும்பும். ஏறும்போது எழும்பினா ஆபத்து. நீங்க எதையும் தொடாதீங்க. கை மடியில. இன்னொண்ணு, இந்த மைதானத்துல யாரு தப்பைப் பாத்தாலும், டீ கொண்டுவரவங்களா இருந்தாலும், 'நில்லு'ன்னு கத்தலாம். கத்தினா அந்த நிமிஷமே எல்லாம் நிக்கணும். ஏன், எதுக்குன்னு அப்புறம்தான் கேக்கணும்."

"பொம்பளைங்க கத்தினாலுமா?"

"அவங்கதான் முதல்ல பாப்பாங்க."

ஸ்வர்ணா பின்னால் ஏறி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கண்ணாடி மூடியைப் பூட்டினாள். கயிறு மாட்டினார்கள். குப்பம்மாள் பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறக்கையைத் தூக்கினாள். தூரத்தில் மெஷின் உறுமியது. கயிறு மண்ணில் பாம்பு மாதிரி நெளிந்து, இறுகியது.

அந்த இறுக்கத்தில் கிளைடர் ஓர் உலுக்கு உலுக்கியது. ராஜமாணிக்கத்தின் இடது கை தன் பாட்டுக்குப் பிடி தேடியது. எதையோ பற்றியது.

"நில்லு!"

நாற்பது வருஷமாக அந்தக் குரல் "நில்லுங்க" என்று ஆயிரம் தடவை சொல்லி அவர் ஒரு தடவையும் நின்றதில்லை. இப்போது மரியாதை விகுதிகூட இல்லாமல் வந்தது. பின்னால் ஸ்வர்ணா குமிழை இழுத்த சத்தம் டக்கென்று கேட்டது. கயிறு கழன்று விழுந்தது. மெஷின் அடங்கியது. எல்லாரும் நின்றார்கள்.

"பாத்தீங்களா, கல்யாணத்துக்கு இஸ்துகினு போகத் தந்திரம் பண்றா!" என்று கத்தினார்.

"ஐயா, உங்க இடது கையைப் பாருங்க," என்றாள் ஸ்வர்ணா.

பார்த்தார். நீலக் கைப்பிடி அவர் கையில் இருந்தது. இறக்கையைப் பார்த்தார். மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பலகை எழும்பி நின்றது.

குப்பம்மாள் இறக்கையை விடவில்லை. முகம் வெளுத்திருந்தது. "கைய மடில வெச்சிக்கோங்கன்னு சொன்னாங்க இல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவர் கைப்பிடியை விட்டார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடியும் சரிபார்த்தார்கள். இந்தத் தடவை அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார்.

ஏறியது. வயிறு கீழேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் மேலே போனார். ஆயிரம் அடியில் கயிறு கழன்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. மலை தெரிந்தது. கோபுரம் தெரிந்தது. படிகளில் எறும்பு எறும்பாக ஜனங்கள். அதில் எந்த எறும்பு மேல் தனக்குக் கோபம் என்று அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில்தான் குப்பம்மாள் போட்ட சத்தத்தின் அர்த்தம் முழுசாகப் புரிந்தது. கண் கலங்கியது. துடைக்கலாம் என்றால் கை தொடைக்கு அடியில் இருந்தது.

திடீரென்று பனைமரங்கள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன.

"அம்மா! கீழ போய்கினு இருக்குது! மேல ஏத்துங்க!"

"ஏத்த எஞ்சின் இல்லையே ஐயா. மண்ணு சூடாகி அனல் காத்து எழும்பினாத்தான் மேல நிக்க முடியும். அதுக்குப் பதினோரு மணியாவது ஆகணும்."

"இத யாரும் என்கிட்ட சொல்லலியே!"

"காலையில காத்து தூங்கும்னு குப்பம்மா சொன்னாங்களாமே?"

கிளைடர் மெத்தென்று இறங்கி, உருண்டு, நின்றது. மணி ஒன்பது பதினெட்டு. பறந்தது ஆறு நிமிஷம். முகூர்த்தம் முடிய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

எதிரே ஊர்ப் பையன் சேட்டுவின் ஆட்டோ நின்றது. பக்கத்தில் குப்பம்மாள்.

ராஜமாணிக்கத்துக்குக் கடைசியாக ஒன்று தோன்றியது. "நான் எறங்க மாட்டேன். உள்ள பாரம் இல்லன்னா காத்து கவுத்துடும்னு சொல்லிகினு இருப்பியே! நான் பாரத்துக்கு உக்காந்திருக்கேன்."

குப்பம்மாள் ஒரு பழைய லாரி டயரை உருட்டிக்கொண்டு வந்து, தரையில் சாய்ந்திருந்த இறக்கையின் நுனியில் வைத்தாள்.

"உங்களுக்குப் பதில் டயர் வெச்சாச்சு. எறங்குங்க."

இறங்கினார். மஞ்சள் பையிலிருந்து அவருடைய பட்டு வேட்டியும், தேய்த்த சட்டையும், ஒரு துண்டும் வெளியே வந்தன. ஷெட்டுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

"எப்படா வந்தே?" என்று சேட்டுவைக் கேட்டார்.

"ஒன்பதே காலுக்கு நிக்கணும்னு அக்கா புதன்கிழமையே சொல்லிட்டாங்க நைனா."

மலைப்பாதையில் பாதி ஏறிய பிறகுதான் தோளில் போட்டிருந்த துண்டைக் கவனித்தார். காலையில் கொடுத்த துண்டு இல்லை. மடிப்பில் பழுப்பேறியது. டிரங்குப் பெட்டி வாசனை. வாயைத் திறந்தார். காலையில் அவள் கத்திய "நில்லு" ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டார்.

மண்டப வாசலில் வெங்கடேசன் யாரோ கவுன்சிலரோடு பேசிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கவுன்சிலரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தான்.

"பாவா!" என்று அக்கா புருஷனின் கையைப் பிடித்தான். பிறகு தோளைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது. "இத இன்னும் வெச்சிருக்கீங்களா பாவா! புதுத் தறில மொதல்ல எறங்குன துண்டை முருகனுக்கு சாத்தினேன். ரெண்டாவது உங்களுக்குத்தான்னு எடுத்து வெச்சேன். அன்னிக்கு கவுன்சிலருக்குப் போத்துன சால்வை கடையில வாங்குனது. பதினோரு வருஷம் பத்திரமா... நீங்க பெரிய மனுஷன் பாவா!"

ராஜமாணிக்கம் குப்பம்மாளைப் பார்த்தார். பதினோரு வருஷமாகப் பாதியில் நின்ற வாக்கியத்தின் மீதி இதுதான் என்று அவள் முகம் சொன்னது.

"ஆங்... துவைச்சாகூட நூல் போயிடுமேன்னு துவைக்கல வெங்கடேசா," என்றார்.

மோனிஷா கழுத்தில் தாலி ஏறும்போது அத்தையும் மாமாவும் மேடையில் நின்றார்கள். குப்பம்மாள் அட்சதை போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவரும் துண்டால் துடைத்துக்கொண்டார். இந்தக் கை இன்றைக்கு அட்சதை போட இருப்பதே அவள் போட்ட சத்தத்தால் என்று நினைத்தார். சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசம் வந்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"குப்பு, காலைல நீ மட்டும் கத்தலன்னா..."

"சாப்புடுங்க, ஆறிடப் போவுது."

"நல்ல காரியம் பண்ணே. அது சரி, ஆறு நிமிஷத்துல எறங்கிடும்னு புதன்கிழமையே ஆட்டோ சொல்ற அளவுக்கு உனுக்கு எப்படித் தெரியும்?"

குப்பம்மாள் தன் இலையிலிருந்த வடையை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

"நெலத்துக்கார குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஒரு தபா இலவசம் இல்ல? போன வருஷம் இதே ஒன்பது மணிக்குத்தான் நான் போனேன். கைய மடில வெச்சிகினு இருந்தேனா, எனக்கு ஏழு நிமிஷம் நின்னுச்சி."