எனக்கு மட்டும் வராத கப்பல்

பேசாலை,
ஆடி 1994.

சேசு மரி சூசை துணை.

கொழும்பில், பெயர் சொல்ல வேண்டாத ஒரு பெரிய கந்தோரில் தலைமைக் கிளாக்கராக வீற்றிருப்பவரும், என் மனைவியின் மூத்த சகோதரரும், என் மதிப்புக்குரிய மைத்துனருமாகிய அமிர்தநாயகம் அவர்கட்கு சந்தான் குரூஸ் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை மார்த்தாவும் மாதாவின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். உங்கள் பிரஷரும் உங்கள் மனைவியின் முழங்காலும் சொல்வழி கேட்டு நடக்க இரண்டு பேரும் மன்றாடுகிறோம். இந்தக் கடிதத்தை இடையில் பிரித்துப் படிக்கும் உத்தியோகத்தருக்கும் என் வணக்கம். அவருடைய கண்ணை யோசித்துத்தான் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுதியிருக்கிறேன். விஷயம் பரம இரகசியம், அவரும் தமக்குள் வைத்துக்கொண்டால் நல்லது.

மச்சான், முதலில் என் பொழுதுபோக்குகளைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள். காலையில் ஹுசைன் நானாவின் றேடியோ. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாமல், "குரூஸ், நான் வந்து எடுக்கிறன், அதுவரைக்கும் பாட விடுங்கோ, சும்மா வச்சால் பழுதாப்போகும்" என்று என் கையில் தந்துவிட்டுப் போனார். ஆகவே நான் றேடியோ கேட்பது பொழுதுபோக்கில் பாதி, கடமையில் பாதி. பற்றறியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துத்தான் அவருடைய சொத்தைக் காப்பாற்றி வருகிறேன். பின்னேரம் அடுத்த வளவு யோகராசா வீட்டில் ரீவி. கார் பற்றறியில் ஓடும், அன்ரனா இராமேஸ்வரத்தைப் பார்த்தபடி பனையில் கட்டியிருக்கிறது. காற்று நல்லதாக இருந்தால் முகம் தெரியும், இல்லாவிட்டால் குரல் மட்டும் கேட்கும், நாங்கள் ஆளுக்கொரு முகத்தை வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவில் வாசிப்பு. புத்தகம் ஏது, கச்சான் கடலை சுற்றி வரும் கடதாசிதான். கச்சானை மார்த்தா தின்பாள், கடதாசியை நான் வாசிப்பேன்.

அப்படி வந்த ஒரு சுருள்தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஏதோ பழைய ஆங்கிலச் சஞ்சிகை. ஒரு பெரிய நாட்டு அரசாங்கம் தன் சனங்களின் மூளையில் இரகசியமாகப் பரிசோதனை செய்ததாம். ஒன்றுமறியாத மனிதர்களின் குடிபானத்தில் தூளைக் கலந்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்த்தார்களாம். தலையணைக்குக் கீழே குரலை ஓடவிட்டார்களாம். ஒருவன் தூங்கப் போகுமுன் ஒரு பெயரை அவன் காதில் போட்டுவைத்தால் அந்த ஆள் அவன் கனவில் வருவாரா என்று ஒரு டாக்குத்தர் ஆராய்ந்து, முடிவாக அவர் கண்டது என்னவென்றால், அந்த இடத்தில் கடதாசி கிழிந்துவிட்டது. மிச்சம் வேறு யாரோ தின்ற கச்சானோடு போய்விட்டது. நான் இதை மார்த்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் வாசித்த எதையும் முழுதாகக் கேட்டிராத உங்கள் தங்கை, உலை பொங்குவதையும் விட்டுவிட்டு வந்து, "பேரைச் சொன்னா ஆள் வருமாமோ? பிறகு என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அறிவு வளர்ச்சிக்கு வயது தடையில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஒழுங்கையில் கப்பல் வரத் தொடங்கியது. உங்களுக்குத் தெரியும், இங்கே மத்தியானச் சோறு தின்றால் ஊரே சாயும். கடற்கரை மணல் கொதிக்கும், நாய்கூட நிழலை விட்டு அசையாது. நானும் வேலியோரத்து வேப்பமரத்தின் கீழ் சாய்மனைக் கதிரையில் படுப்பேன். அந்த நேரத்தில், மச்சான், ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகளிலும் தூங்குகிற எல்லாருக்கும் ஒரே கனவு. தலைமன்னார் பியருக்கு, அந்தப் பழைய இறங்குதுறைக்கு, வெள்ளைக் கப்பல் வருகிறதாம். கடல் பாலாடை மாதிரி அசையாமல் கிடக்கிறதாம். இயந்திரச் சத்தம் கிடையாது, கப்பல் தானாக மிதந்துவந்து அணைகிறதாம். ஏணிப்பலகை போட்டதும் ஆட்கள் ஒவ்வொருவராக, அவசரமில்லாமல், போன அன்றைக்கு உடுத்திருந்த அதே உடுப்போடு இறங்குகிறார்களாம். பியரில் நான் பெயர் கூப்பிடும் கிளாக்கராக நின்ற காலத்தில்கூட அப்படி ஒழுங்காக ஒரு கப்பல் வந்து நான் பார்த்ததில்லை. கப்பல் ஓட்டம் நின்றே பத்து வருடமாகிறது.

முதலில் வந்து சொன்னது பேச்சியம்மா. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, அடிபட்டு அடிபட்டு எங்கள் ஒழுங்கை வரைக்கும் வந்து சேர்ந்தவள். அவளுடைய அக்கா பாலம்மாவை அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பியபோது, பெயர் கூப்பிட்டுக் கப்பல் ஏற்றியது நான்தான். பேச்சியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்கக்கா வந்து எறங்குனாங்கய்யா. அதே பச்ச றங்குப் பெட்டி, அதே கயிறு. என்னயப் பாத்து, ஏன்டி எளச்சிப் போயிட்டேன்னு கேட்டாங்க" என்று அழுதாள். அழுதாளே தவிர, முகத்தில் வெளிச்சம் இருந்தது. மறுநாள் யோகராசா. அவருக்கு ஆள் வரவில்லை, கிரைண்டர் வந்தது. கப்பல் நிற்பதற்கு முன் மதுரைக்குச் சொல்லிவைத்து வராமலே போன மாவரைக்கிற கிரைண்டர், பிரயாணிபோலத் தானாகவே ஏணியில் இறங்கி வந்ததாம். அதைச் சொல்லும்போது கிரைண்டரின் உயரத்தைக் கையால் காட்டினார்.

நான் சும்மா இருப்பேனா? விஞ்ஞான முறைப்படி இறங்கினேன். ரீவிக் கதிரில்தான் வருகிறது என்று யோகராசாவைப் பிடித்து அன்ரனாவை முள்ளிக்குளம் பக்கம் திருப்பச் செய்தேன். படம் போனது, கப்பல் போகவில்லை. நிவாரண மாவில் தூள் கலக்கிறார்கள் என்று எல்லாரையும் ஒருநாள் மரவள்ளிக் கிழங்கு தின்ன வைத்தேன். வயிறு ஊதியதே தவிர, கப்பல் நேரத்துக்கு வந்தது. கடைசியில், சந்தியில் இருக்கும் காவலரணுக்கே போய், அங்கே நிற்கும் சிங்கள ஆமிப் பையனிடம் மரியாதையாக, "தம்பி, இது உங்கட ஆக்களின்ர வேலையோ?" என்று கேட்டேன். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஐயா, நானும் கப்பல் பாத்தது. என்ட அம்மா எறங்கியது. அம்மா கையில பலகாரம்" என்றான். அவனுடைய அம்மா இருப்பது தெற்கே காலி நகருக்கு அங்கால், அவள் ஏன் இந்தியக் கப்பலில் வரவேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். பையன் துவக்கைப் பிடித்தபடி எங்கேயோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், பாவமாக இருந்தது, வந்துவிட்டேன். ஆமிக்காரன் மூளையிலேயே கை வைக்கிறார்கள் என்றால் இது ஆமியின் வேலை அல்ல. அதற்கும் மேலே, கொழும்பில், உங்கள் கந்தோருக்குப் பக்கத்தில் எங்கேயோதான் நடக்கிறது என்று அப்போதே முடிவுகட்டினேன்.

இன்னும் சில தடயங்களையும் எழுதிவைக்கிறேன். சில காலமாக எங்கள் வீட்டுக்கு மத்தியானத்தில் மீன் வருகிறது, நண்டு வருகிறது, போன கிழமை ஒரு ரின்மீன்கூட வந்தது. ஏன் தருகிறார்கள் என்று கேட்டால் மார்த்தா, "சனம் அன்பில தருகுது, பேசாமச் சாப்பிடுங்கோ" என்கிறாள். பேசுவதெல்லாம் அவள்தான். சோறு போடும்போது பழைய ஆட்களின் பெயரை இழுத்து இழுத்து ஒரே கதை. ஒருநாள் முழுக்கக் கிரைண்டரைப் பற்றிக் கதைத்தாள். ரின்மீன் வந்த அன்று, "சோமாவதி எண்ட பேர் எவ்வளவு வடிவான பேர், என்னப்பா? சோமாவதி" என்றாள். எங்கள் ஊரில் எந்தச் சோமாவதி இருக்கிறாள்? மார்த்தாவின் மூளையிலும் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்கும் ஏதோ நடக்கிறது. மத்தியான நித்திரையால் எழும்பினால் தொண்டை கட்டியிருக்கிறது, வலது கை உளைகிறது. ஊசி போடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். மார்த்தா கேட்காமலே கொத்தமல்லித் தண்ணீர் அவித்து வைத்திருக்கிறாள்.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். இந்தப் பரிசோதனையை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை, மச்சான். என்னை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டு எழுதுகிறேன். ஒழுங்கை முழுவதற்கும் கப்பல் வருகிறது, எனக்கு மட்டும் வருவதில்லை. எனக்கு வருவது வெறும் நித்திரை. கவிழ்த்துவைத்த பானைக்குள் இருப்பதுபோல ஒரு இருட்டு, அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அந்தக் கப்பலுக்குப் பெயர் கூப்பிட்டவனை விட்டுவிட்டு, பியரையே கண்டிராத காலிப் பையனுக்குக் காட்டுவது என்ன நியாயம்?

தொண்ணூறில் சனம் படகேறி இராமேஸ்வரம் போன நாட்களில் எங்கள் மகன் பெனடிக்றும் போனான். போய்ச் சேர்ந்தேன் என்ற ஒரு வரி இன்றுவரை வரவில்லை. அந்தக் கப்பலில் கடைசி ஆளாக இறங்குவது அவன்தானாம். யோகராசா கண்டிருக்கிறார். "வெள்ளைச் சேட்டோட, கொஞ்சம் மெலிஞ்சு போய் வாறான் அண்ணை" என்றார். "என்னைக் கேட்டவனோ?" என்றேன். "ஓம், கேட்டவன்" என்றார். பேச்சியம்மாவும் கண்டிருக்கிறாள், அந்த ஆமிக்காரப் பையனுக்குக்கூட என் மகனின் பெயர் தெரிகிறது. பெற்ற தகப்பன் நான், அவன் முகத்தைப் பார்த்து நாலு வருடம். கனவென்றாலும் எனக்குப் போதும். ஆகவே நீங்கள் தயவுசெய்து சம்பந்தப்பட்ட பெரியவர்களிடம் பெட்டிசம் கொடுத்து என் பெயரையும் சேர்ப்பிக்க வேண்டும். நான் ஒழுங்கான பிரசை. குறட்டைகூட விடுவதில்லை. தூளோ ஊசியோ எதுவென்றாலும் சம்மதம் என்று இத்தால் உறுதியளிக்கிறேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்து நீங்கள் குடும்பத்தோடு வந்து எங்கள் வீட்டு நண்டுக்கறி சாப்பிட ஆண்டவர் இரங்குவாராக. பிள்ளைகளின் நெற்றியில் எங்களுக்காக ஒரு சிலுவை போட்டுவிடுங்கள். இடையில் வாசித்த உத்தியோகத்தரின் வீட்டாருக்கும் எங்கள் ஆசீர்வாதம் உரித்தாகட்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்புள்ள,
சந்தான் குரூஸ்
(கிளாக்கர், தலைமன்னார் பியர், இளைப்பாறியவர்)

பி.கு: அண்ணன், இது மார்த்தா எழுதிறன். இவர் முத்திரை வாங்கப் போயிட்டார். நான் மடிச்சு ஒட்டி வைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன், அதால பயமில்லை.

அரசாங்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கப்பலைக் கூப்பிடுறது இவர்தான். கதிரையில சாய்ஞ்சு கொஞ்சத்தில பழைய கந்தோர்க் குரல் வந்திடும். கப்பல் அணையுது, கயிறைப் பிடி, வரிசையில வாங்கோ எண்டு தொடங்கி ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லி, பெட்டியை விசாரிச்சு, சுகம் கேட்டு இறக்குவார். ஒழுங்கை முழுக்கக் கேக்கும். முதல் நாள் பாலம்மாவை இவர் தானாத்தான் கூப்பிட்டவர். நித்திரையில கிடந்த பேச்சியம்மாவுக்கு அது அப்பிடியே கனவாப் போச்சு. பிறகும் ஒருக்காக் கேக்க வேணும் எண்டு என்னட்ட வந்து அழுதாள். அப்பதான் இவற்ற கச்சான் பேப்பர் ஞாபகம் வந்தது. ஆருக்கு ஆரைப் பாக்க வேணுமோ அந்தப் பேரைச் சோறு போடேக்க கதையோட கதையாச் சொல்லி விடுவன். படுத்தாரெண்டால் அந்த ஆள் கப்பலால இறங்கும். சோமாவதி அந்த ஆமிக்காரப் பெடியன்ர தாய். ஆரையோ பிடிச்சுத் தமிழில எழுதுவிச்சுக்கொண்டு வந்து ரின்மீனோட தந்தவன். இப்ப சனம் பாதி நித்திரை கொள்ளுறதே இல்லை, வேலியடியில குந்தியிருந்து கேக்குதுகள். கேட்டால் கனவு எண்டு சொல்லுங்கோ எண்டது நான்தான். இவருக்குத் தெரிஞ்சால் வெக்கத்தில இனிப் பகலில படுக்கமாட்டார். புதுசில குறட்டை விடுறீங்கள் எண்டு ஒருக்காச் சொன்னதுக்கு ஒரு மாசம் குந்தியிருந்து நித்திரை கொண்ட மனுசன்.

பெனடிக்றின்ர பேரை நான் சோத்தோட குடுக்கிறேல்லை. எனக்கு வாய் வராது. எல்லாரும் இறங்கி முடிய, இவர் தானாக் குரலை இறக்கி, "தம்பி, பலகை ஆடுது, அப்பான்ர கையைப் பிடி" எண்டு வலக்கையை நீட்டுவார். நான் என்ர கையைக் குடுப்பன். இறுக்கிப் பிடிச்சு, மெல்ல மெல்ல இறக்கி விடுவார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்போட நித்திரை. எழும்பினால் ஒண்டும் ஞாபகமில்லை, தேத்தண்ணி எங்கை எண்டு கேப்பார்.

ஆனபடியால் பெட்டிசம் ஒண்டும் குடுக்க வேண்டாம் அண்ணன். உங்கட கந்தோர் சீல் ஒண்டைக் குத்தி, பேர் சேர்த்தாச்சு எண்டு மட்டும் ஒரு துண்டு எழுதி விடுங்கோ. அதை நம்பிப் படுத்தால் ஒருநாளைக்கெண்டாலும் பிள்ளையின்ர முகம் எழும்பேக்க ஞாபகத்தில நிக்குதோ பாப்பம்.

வேலிப் படலை திறக்கிற சத்தம் கேக்குது, வந்திட்டார். இனிச் சோறு போட வேணும். பாதை திறக்கிற பாட்டைக் காணேல்லை. இண்டைக்கு உங்கட பேரைச் சொல்லி விடுறன்.